ஒரு கல்லுக்கு இரண்டு இடம்

வானூர்ப் பக்கம் வேலை பார்க்கும் இளம் சர்வேயர் ஒருவர் போன மாதம் என்னைத் தன் பைக்கில் ஏற்றிக்கொண்டு போய், செயற்கைக்கோளைக் கேட்டு இடம் சொல்லும் ரோவர் கருவியைக் காட்டினார். நீளமாக ஒரு கம்பு, உச்சியில் ஒரு தொப்பி, கையில் ஒரு சின்னத் திரை. கம்பை ஊன்றினார், திரையைத் தட்டினார், "இதோ சார், கல் இருக்க வேண்டிய இடம்" என்றார். நான் சட்டையில் வேர்வை கூட அரும்பாமல் நின்றுகொண்டிருந்தேன். அதிசயமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு அந்தக் கருவியிடம் ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. அது ஒரே ஒரு இடத்தைத்தான் காட்டுகிறது. எங்கள் டேப் இரண்டு இடம் காட்டும்.

"ரெண்டு இடமா? எப்படி சார்?" என்று கேட்டார் அவர். அன்று பாதிதான் சொல்ல முடிந்தது, அவருக்கு போன் வந்துவிட்டது. மீதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் நில அளவைத் துறையில் சேர்ந்தது பெரிய கதையில்லை. பரீட்சை எழுதினேன், பயிற்சியில் வெயிலில் காய்ந்தேன், அளவுச் சங்கிலி இழுத்தேன், வேறு வேறு தாலுகாவில் செருப்புத் தேய்ந்தேன். கடைசியில் மரக்காணம் பக்கம் வந்து சேர்ந்தேன். சுனாமி வந்து போன பிறகு அந்தக் கரையில் எங்களுக்கு மூச்சு விட நேரமில்லை. அலை வீட்டை மட்டுமா கொண்டுபோனது? எல்லைக் கல்லையும் கொண்டுபோய்விட்டது. வீடு இழந்தவர்களுக்கு மனை கொடுக்க வேண்டும், மனை கொடுக்க எல்லை தெரிய வேண்டும், எல்லை தெரியக் கல் வேண்டும். ஆகவே கல் தேடுவதே வேலையாகிவிட்டது.

காணாமல் போன கல்லைக் கண்டுபிடிக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மேற்கொண்டு எதுவும் புரியாது. புலப்படத்தில், அதாவது நிலத்தின் அளவு வரைபடத்தில், ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்துக் கல்லிலிருந்து தூரம் எழுதியிருக்கும். பிழைத்துக் கிடக்கும் கல்லில் ஒருவர் டேப்பின் நுனியைப் பிடித்துக்கொள்வார். படத்தில் உள்ள தூரத்துக்கு டேப்பை இழுத்து, மறுமுனையை இறுக்கிப் பிடித்தபடி இன்னொருவர் நடப்பார். அவர் நடக்கும் பாதை ஒரு வட்டத்தின் துண்டு. காணாமல் போன கல் ஒரு நேர்கோட்டில் இருந்தது என்று தெரிந்தால், அந்தக் கோட்டில் கொடி நட்டு வைத்திருப்போம். நடப்பவர் கொடிக் கோட்டைத் தொட்டதும் நிற்பார். அங்கே முளை அடிப்போம். அவ்வளவுதான்.

இதில் எங்கள் கடற்கரைக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. கடற்காற்றில் டேப் வயிறு போடும். காற்றை எதிர்த்து நடந்தால் டேப் முகத்தில் அடிக்கும், அளவும் கெடும். அதனால் எப்போதும் கடல் பக்கம் நின்று, காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கிழக்கிலிருந்துதான் நடக்க ஆரம்பிப்போம். எங்கள் சங்கிலி ஆள் தேவராஜ் இதில் ரொம்பக் கறார். வெளி மாவட்டங்களிலிருந்து உதவிக்கு வந்த சர்வேயர்களுக்கும் டேப் பிடித்தது அவர்தான். "கெழக்கால இருந்து வந்தாத்தான் சார் டேப்பு சொன்னபடி கேக்கும்" என்று அவர்களையும் பழக்கிவிட்டிருந்தார்.

இனி அஞ்சலையிடம் வருகிறேன்.

அஞ்சலை உப்பளத்துக் கூலிக்காரி. குடிசையை அலை கொண்டுபோன பிறகு உறவுக்காரர் வீட்டு ஓரத்தில் பிள்ளைகளோடு ஒண்டிக்கொண்டிருந்தார். உப்பளத்தை ஒட்டிக் கிழக்கே ஒதுக்கிய இடத்தில் கடைசி மனை அவர் பெயருக்கு வந்திருந்தது. 2005 கோடையில் வெளியூர்க் குழு ஒன்று வந்து, மனை இடத்துக்கும் உப்பளத்துக்கும் நடுவில் காணாமல் போயிருந்த மூலைக் கல்லுக்கு முளை அடித்துவிட்டுப் போனது. அந்த முளைப்படி பார்த்தால் எல்லை சாய்ந்து வந்து மனை இடத்தை ஒரு முக்கோணமாக நறுக்கியது. தெற்கே, பிழைத்த கல் இருந்த பக்கம் முக்கோணம் ஊசி முனை. அங்கே யாருக்கும் சேதமில்லை. வடக்கே அகலம். அந்த அகலத்தில் இருந்தது அஞ்சலையின் மனை. முழுசாக உப்பளத்துக்குள் போய்விட்டது.

அவருக்கு மாற்று மனை தருவதாகச் சொன்னார்கள். பெருமுக்கல் போகிற வழியில், உப்பளத்தை விட்டு வெகு தூரத்தில். அவர் மாட்டேன் என்று மனு எழுதிக் கொடுத்தார். மறு அளவைக்கு நான் போனேன். போனது 2006 மாசியில்.

"அங்க போய் என்னா சார் பண்ணுவேன்? விடியறதுக்கு முன்னாடி பாத்தில எறங்கணும். பஸ்ஸு எப்ப வருமோ எவனுக்குத் தெரியும்? வேலைய விட்டுட்டு வீட்ட வச்சுக்கவா, வீட்ட விட்டுட்டு வேலைய வச்சுக்கவா, நீங்களே சொல்லுங்க" என்றார்.

இதைச் சொல்லும்போது அவர் எங்கே நின்றார் தெரியுமா? தன் மனைக்குள். அதாவது, உப்புப் பாத்திக்குள். அந்தப் பாத்தியை லீசுக்கு எடுத்திருந்த கரீம் பாய் முளையை நம்பி, புது வரப்பு போட்டு, களிமண் அடித்து, பாத்தியை அதுவரைக்கும் நீட்டியிருந்தார். உப்புப் பாத்தியின் தரை சும்மா வராது. களிமண்ணைக் குழைத்துப் பரப்பி, நாள் கணக்கில் வெறுங்காலால் மிதிக்க வேண்டும். மிதிக்க மிதிக்கத் தரை இறுகும். அப்போதுதான் உப்புத் தண்ணீர் கீழே இறங்காமல் நிற்கும், உப்பு வெள்ளையாக விளையும். அந்த மிதி வேலைக்குக் கூலிக்கு வந்தவர்களில் அஞ்சலையும் ஒருவர்.

"உன் மனைன்னு தெரியாதாம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"தெரிஞ்சுதான் மிதிச்சேன். நான் மிதிக்கலன்னா வேற ஆளு மிதிக்கும். கூலியாவது வரட்டும்னு மிதிச்சேன்."

இரக்கம் இருந்து என்ன செய்ய, அளவு என்று ஒன்று இருக்கிறதே. பிழைத்த கல்லில் டேப்பைப் பிடிக்கச் சொன்னேன். படத்தில் தூரம் நாற்பத்தொரு மீட்டர். காணாமல் போன கல் கிராம எல்லைக் கோட்டின் மேல் இருந்தது. அந்தக் கோட்டின் இரண்டு முனைக் கற்களும் தூரத்தில் பத்திரமாக இருந்ததால் நடுவில் கொடி நடுவதில் சிரமமில்லை. கோட்டோடு எவ்வளவு தூரத்தில் கல் என்பதுதான் தெரியவில்லை. படத்தில் சரியாக அந்த மூலை மடிப்பில் விழுந்து, தேய்ந்து, காகிதமே இல்லாமல் ஓட்டையாகிவிட்டிருந்தது. தேவராஜ் கிழக்கிலிருந்து நடந்து வந்தார். கொடிக் கோட்டைத் தொட்டார். நின்றார். பழைய முளை அவர் காலடியில் இருந்தது. மறுபடி அளந்தோம். மறுபடியும் அதே முளை. அஞ்சலை முகத்தைப் பார்க்காமல் டேப்பைச் சுருட்டினேன்.

ஆய்வாளர் சவரிமுத்து சார் மேல் தணிக்கைக்கு வந்தது அதற்கடுத்த நாள். இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களுக்கு இவரைக் கண்டால் பயம், ஆனால் திட்டமாட்டார். முளையைக் காட்டினால் முளையைப் பார்க்கமாட்டார். அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, சுற்றுமுற்றும் வேடிக்கை பார்த்துக்கொண்டு, ஒரே ஒரு கேள்வி கேட்பார். "வேற எங்க?" அவ்வளவுதான். இந்தக் கல் வேறு எங்கே இருந்திருக்க முடியும் என்று அர்த்தம். சரியாக அளந்தவனும் இந்தக் கேள்வியைக் கேட்டால் மறுபடி டேப்பைப் பிரித்துவிடுவான்.

அன்றைக்கும் கேட்டார்.

"வேற எங்கயும் இல்ல சார். அந்த டீம் அளந்தது, நான் அளந்தது, எல்லாம் ஒரே எடம்தான் வருது" என்றேன்.

"எல்லாரும் எங்கிருந்து நடந்தீங்க?"

"கிழக்கால இருந்து சார். காத்து..."

"தேவராஜ், அந்த எடத்துல நிக்காத. டேப்ப விடாம அப்படியே நட" என்றார்.

தேவராஜ் விழித்தார். கோட்டைத் தாண்டி நடப்பது அவர் வாழ்க்கையில் செய்யாத காரியம். தயங்கித் தயங்கி நடந்தார். கொடிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போனார். நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். கோட்டை விட்டு ரொம்ப விலகவும் இல்லை. ஒரு மீட்டர் இருக்கும், அதற்கு மேல் போகவில்லை. வரப்பில் ஏறி பாத்திக்குள் இறங்கும்போது செருப்பைக் கழற்றினார். இன்னும் கொஞ்சம் நடந்தவர், திடீரென்று கத்தினார்.

"சார்! கோடு திரும்பி வருது சார்!"

கோடு எங்கே திரும்பி வரும், வட்டம்தான் வளைந்து மறுபடியும் கோட்டுக்குள் வந்தது. பாத்தியின் நடுவில், அஞ்சலை மிதித்த தரையின் மேல், தேவராஜ் டேப்போடு நின்றார். எனக்குப் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் கண் முன்னால் வந்து நின்றது. எத்தனை தடவை எழுதியிருப்பேன், வட்டத்தை ஒரு நேர்கோடு இரண்டு புள்ளிகளில் வெட்டும் என்று! பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியதோடு சரி. வெயிலில் அது ஒரு மனிதனைக் கோட்டைத் தாண்டி நடக்கச் சொல்லும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சவரிமுத்து சார் வரப்பில் குந்தி உட்கார்ந்து, ஒரு குச்சியால் ஈரமண்ணில் கணக்குப் போட ஆரம்பித்தார். அவர் முகத்தில் அப்போதுதான் ஒரு சந்தோஷம் வந்தது. நிஜ அளவில் சென்டிமீட்டர் வால்கள் ஒட்டிக்கொண்டிருக்கும், அவற்றை நறுக்கிவிட்டு முழு எண்ணாக வைத்துக்கொண்டார். பிழைத்த கல்லிலிருந்து கிழக்கே x, வடக்கே y. கல்லுக்கு நேர் வடக்கே ஐம்பது மீட்டரில் கோடு ஓடுகிறது. கிழக்கே நாலு மீட்டர் போனால் தெற்கே மூன்று மீட்டர் இறங்குகிறது. ஆகவே கோடு 3x + 4y = 200. டேப் சொல்வது x² + y² = 1681, அதாவது 41-இன் வர்க்கம்.

"நேர்கோட்ட எடுத்து வட்டத்துக்குள்ள போடு" என்றார். நான் போட்டேன். y என்பது (200 − 3x)/4. அதை வட்டத்தில் வைத்து, பின்னத்தை ஒழித்து, ஒதுக்கினால் 25x² − 1200x + 13104 = 0. வர்க்கமூலத்துக்குள் வந்த எண் 129600. அது 360-இன் வர்க்கம். x = 31.2 என்றால் y = 26.6. அது பழைய முளை. x = 16.8 என்றால் y = 37.4. அது தேவராஜ் நிற்கும் இடம். இரண்டுக்கும் நடுவில் கோட்டோடு பதினெட்டு மீட்டர்.

அஞ்சலை பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தார். "என்னா சார் சொல்லுது?"

"உன் மனை போச்சுன்னும் சொல்லுது, போகலன்னும் சொல்லுதும்மா" என்றார் சார்.

"டேப்ப ஒரு மீட்டரு சுருக்குனா என்னா சொல்லும்?"

சார் அவரை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். அந்த மனுஷனுக்கு விளையாட்டு புத்தியும் உண்டு. தேவராஜைக் கூப்பிட்டு டேப்பை நாற்பதில் பிடித்து நடக்கச் சொன்னார். வட்டம் நடுவில் ஒரே இடத்தில் கோட்டைத் தொட்டுவிட்டு விலகியது. முப்பத்தொன்பதில் பிடித்தால் கோடு எட்டவே இல்லை. ஒரு மீட்டர் வித்தியாசத்தில் இரண்டு விடை, ஒரு விடை, விடையே இல்லை. வேலையை மறந்து நாங்கள் மூன்று பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நாப்பதுன்னா பாதி மனை வரும் போல" என்றார் அஞ்சலை. "அது வேணாம் சார். ஒண்ணு முழுசா குடுங்க, இல்ல இல்லன்னு சொல்லுங்க."

கணக்கு அங்கே நின்றுவிட்டது. பரீட்சையில் இரண்டு விடையையும் எழுதலாம். நிலத்தில் இரண்டு கல் நட முடியாது. மூன்றாவதாக ஒரு சாட்சி வேண்டும். சார் எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். கள வேலைக்கு அவர் வேட்டிதான் கட்டுவார். "இந்தக் கரையில கல்லு நடறப்ப அடியில செங்கல் துண்டு போடுவாங்க, மணல்ல எறங்கக் கூடாதுன்னு. அலை கல்லத் தூக்கியிருக்கும். அடியில கெடக்கறதையுமா தூக்கியிருக்கும்? தோண்டிப் பாக்கலாம்."

முதலில் பழைய முளையடியில் தோண்டினோம். மணல், கிளிஞ்சல், மறுபடியும் மணல். கையை விட்டுத் துழாவினேன். செங்கல் வாசனைகூட இல்லை. ஆனால் இல்லாததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கல் நட்டவர்கள் செங்கல் போட மறந்திருக்கலாம். பாத்திக்குள் தோண்டியே ஆக வேண்டும். யாரோ போய்ச் சொல்லி, கரீம் பாய் சைக்கிளில் வந்து சேர்ந்தார்.

"சார், என்னா சார் இது? இவ்ளோ நாளா மிதிச்ச தரை. ஒரு எடத்துல வெட்டுனா போதும், தண்ணி பூரா அது வழியா எறங்கிடும். இந்த சீசன் எனக்கு அவ்ளோதான்." அவர் கத்தவில்லை. கெஞ்சினார். அவரும் பெரிய முதலாளி கிடையாது, ரெண்டு பாத்தியை நம்பி வாழ்கிறவர். முளை அடித்துக் கொடுத்ததை நம்பியவரைத் தப்பு சொல்லவும் முடியாது.

சவரிமுத்து சார் யோசித்தார். பிறகு சொன்னார்: "தோண்டி ஒண்ணும் கெடைக்கலன்னா, தரைய நானும் இவரும் மிதிச்சுத் தர்றோம் பாய்."

இவர் என்றது என்னை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கரீம் பாய் என் காலையும் சார் காலையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க மிதிச்சா தரை எறுகுமா சார்?" என்று கேட்டார். அத்தனை கலவரத்திலும் அஞ்சலை களுக்கென்று சிரித்துவிட்டார். பாயும் சிரித்துவிட்டார். "சரி, அல்லா விட்ட வழி. வெட்டுங்க."

தேவராஜ் மண்வெட்டியை எடுத்தார். அஞ்சலை போய் அதை வாங்கிக்கொண்டார். "நான் மிதிச்சது, நானே வெட்டறேன்."

முதல் வெட்டுக்குத் தரை கொடுக்கவில்லை, அப்படி இறுகியிருந்தது. இரண்டாவது, மூன்றாவது வெட்டில் களிமண் பாளமாகப் பெயர்ந்தது. கீழே மணல். முழங்கால் ஆழம் போயிற்று. ஒன்றுமில்லை. எனக்கு உள்ளங்கால் கூசியது, மிதிக்கப்போகிற நினைப்பில். கரீம் பாய் தலைத் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார்.

"குழிய அகலமாக்கட்டுமா சார்?" என்று கேட்டேன்.

"அகலமாக்காத. கோட்டோட வெட்டு" என்றார் சார். ஏன் என்று கேட்டேன். குச்சியால் மண்ணில் கீறிக் காட்டினார். வட்டம் கோட்டைக் குறுக்காக வெட்டினால் புள்ளி தெளிவாக இருக்கும். இங்கே வட்டம் கோட்டை உரசிக்கொண்டு போகிறது. டேப் ஒரு கையகலம் பிசகினால் போதும், புள்ளி கோட்டின் மேலேயே ஒரு முழம் வழுக்கிவிடும். ஆனால் கோட்டை விட்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகாது. அதனால் கொடிக்கு நேராக மட்டும் வெட்டிக்கொண்டு போக வேண்டும். பாயின் தரையும் அவ்வளவுதான் சேதமாகும். இத்தனை வருஷ வேலையில் இதை எனக்கு யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

அஞ்சலை கோட்டோடு வெட்டினார். வேர்வை மூக்கு நுனியில் சொட்டியது. முதல் குழியிலிருந்து ஒரு முழம் தாண்டியிருக்கும், மண்வெட்டி 'கிரக்' என்றது. அவர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, மண்டியிட்டு, இரண்டு கையாலும் மணலை வழித்தார். சிவப்பாக ஒரு துண்டு வந்தது. அடுத்து இன்னொன்று. பரப்பி வைத்த மாதிரி, ஒன்றை ஒன்று ஒட்டி, ஒரு கல்லின் அடி அகலத்துக்குச் செங்கல் துண்டுகள். கல் நின்ற பள்ளம்கூட மணல் நிறம் மாறித் தெரிந்தது.

சவரிமுத்து சார் குனிந்து பார்த்தார். அவர் ஒரு கல்லின் இடத்தை நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். அன்று அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. "கல்ல கொண்டாங்க" என்றார்.

எனக்குச் சந்தோஷத்தில் சத்தம் போட வேண்டும் போல இருந்தது. ஆனால் கரீம் பாய் அங்கே நின்றுகொண்டிருந்தார். ஒரு பாத்தியின் வடமூலை முழுக்க அவர் கையை விட்டுப் போய்விட்டது. அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "எடம் அவங்களுதுன்னா அவங்களுதுதான் சார். நான் ஒண்ணும் சொல்லல. ஆனா களிமண்ணு நான் வண்டி வச்சு ஏரிப் பக்கத்துலேர்ந்து அடிச்சது" என்றார்.

அஞ்சலை செங்கல் துண்டு ஒன்றைக் கையில் வைத்தபடியே எழுந்தார். புடவை முழுக்க மணல். அழுகிறாரா, வேர்வையா என்று தெரியவில்லை.

"மண்ணு உங்களுதுதான் பாய். நாளைக்கே கூடை எடுத்துட்டு வர்றேன். நான் மிதிச்ச மண்ண நானே பேத்து, கல்லுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டி, உங்க வரப்பயும் போட்டுத் தர்றேன்" என்றார். பிறகு குரலைக் கொஞ்சம் உயர்த்திச் சொன்னார்: "கூலி மட்டும் குடுத்துடுங்க. வீடு கட்டணும்."